எட்டூர் சங்கமும் ஒரு வெள்ளைத் துண்டும்

ரிஷிவந்தியத்துக்கு மேற்கே நாவலேந்தல், புங்கப்பாடி என்று இரண்டு ஊர்கள். நடுவில் ஓர் ஏரி. ஏரிக்கரை மேலேயே நடந்தால் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு முக்கால் கிலோமீட்டர்தான். எதிரே வருகிறவர்கள் நிறுத்திக் கதை கேட்காவிட்டால் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தை நடக்க முடியாமல் நாவலேந்தல் செந்தமிழ்ச்செல்வி பதினைந்து நாளாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒன்றும் வாசற்படி தாண்டாதவள் இல்லை. மத்திய ரிசர்வ் போலீசில் இருபத்தோரு வருடம் வேலை பார்த்தவள். அதில் ஒரு வருடம், ஐ.நா. அமைதிப் பணிக்காக இந்தியா அனுப்பிய பெண்கள் படையோடு லைபீரியாவுக்குப் போய் வந்தவள். திரும்பும்போது ஒரு நீலத் தொப்பியும், எந்தப் பேச்சையும் மூன்றாவது வாக்கியத்தில் லைபீரியாவுக்குக் கொண்டுபோய்விடும் பழக்கமும் அவளோடு வந்தன. தக்காளி விலை ஏறிவிட்டது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "லைபீரியாவுல இன்னா வெல தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். ஊரில் அவளுக்கு ஆப்பிரிக்கா அக்கா என்று பேர். கூப்பிட்டவர்கள் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

கரைக்கு அந்தப் பக்கம், புங்கப்பாடியில், அவள் தங்கை ஜெயசுதா இருந்தாள். பன்னிரண்டு வயது இளையவள். அம்மா ஆயம்மாள் போய்ச் சேர்ந்தபோது ஜெயசுதா பத்தாம் வகுப்பு. அதன் பிறகு அவளைப் படிக்க வைத்ததும், புங்கப்பாடித் தமிழழகனுக்குக் கட்டிக்கொடுத்ததும் செல்விதான். தனக்கென்று ஒரு கல்யாணத்துக்கு நேரம் கிடைக்கவில்லை என்பாள்; அது பாதி நிஜம். ஜெயசுதாவுக்கு ஒன்பது வருடம் குழந்தை இல்லை. ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. பத்தாவது வருடம் கள்ளக்குறிச்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சண்டை தொடங்கி ஐந்தாம் நாள் பிறந்தது, அதுதான் வினை.

செல்வி ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையை மூன்று நிமிடம் பார்த்தாள். நாலாவது நிமிடம் புங்கப்பாடி உறவுக்காரர்கள் பத்துப் பேர் வார்டுக்குள் வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். மூன்று மாதம் தாய்வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டிய பிள்ளையையும் தாயையும் புங்கப்பாடிக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். இங்கே செல்வி வெள்ளையடித்து, புது ஃபேன் மாட்டி, கொசுவலை வாங்கிப் போட்ட அறை காலியாகக் கிடந்தது. தினமும் சாயங்காலம் ஜெயசுதா வீடியோ கால் போடுவாள். டவர் கிடைத்தால் குழந்தையின் ஒரு காது தெரியும். மற்ற நேரமெல்லாம் மோட்டுவளைதான் தெரியும்.

முப்பதாம் நாள் தூளி கட்டிப் பேர் வைக்க வேண்டும். முதல் தூளிக்குத் தாய்வீட்டுப் பழம்புடவைதான் வேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை. ஆயம்மாளின் பச்சை நூல்புடவை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது, செல்வியின் இரும்புப் பெட்டியில் நீலத் தொப்பிக்குக் கீழே இத்தனை வருடமும் இதற்காகத்தான் காத்திருந்தது. "யக்கா, அம்மா பொடவ இல்லாம நான் தூளி கட்ட மாட்டேன்" என்று ஜெயசுதா போனில் அழுதாள். மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே செல்வியும் அழுதாள்.

சண்டை எதற்கு என்று கேட்டால் இரண்டு ஊரிலும் மானம், மரியாதை என்றெல்லாம் சொல்வார்கள். உண்மையில் மீனுக்காக. வைகாசியில் ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும், ஒரு நாள் குறித்து இரண்டு ஊரும் சேர்ந்து மீன் பிடிக்கும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. கரையின் இந்தக் கோடியில் நாவலேந்தல்காரர் ஒருவரும் அந்தக் கோடியில் புங்கப்பாடிக்காரர் ஒருவரும் வெள்ளைத் துண்டோடு நிற்பார்கள். குறித்த நேரத்தில் இவர் துண்டை மூன்று தரம் வீச வேண்டும். அவர் பதிலுக்கு மூன்று தரம் வீச வேண்டும். பதில் துண்டு இறங்கிய பிறகுதான் கூடையும் வலையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஏரியில் இறங்கலாம். அதற்கு முன்னால் ஒரு கெண்டைக் குஞ்சைத் தொட்டாலும் குற்றம்.

இந்த வருடம் நாவலேந்தல் துண்டு செல்லமுத்துவுக்கு, புங்கப்பாடித் துண்டு பொன்னுரங்கத்துக்கு. குறித்த நேரம் காலை எட்டு. ஏழரைக்கே செல்லமுத்து துண்டை எடுத்து வீசிவிட்டார். மூன்று தரம் இல்லை, முப்பது தரம். நாவலேந்தல் ஜனம் பதில் துண்டைப் பற்றி நினைக்கக்கூட இல்லை; திமுதிமுவென்று இறங்கிவிட்டது. புங்கப்பாடிக்காரர்கள் ஓடி வந்தபோது ஏரியில் சேறுதான் மிச்சம். அப்புறம் நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இரண்டு மண்டையில் தையல், ஒரு பைக்குக்குக் கண்ணாடி போச்சு. மறுநாள் புங்கப்பாடி கரைமேல் வேலமுள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தது. இனி புங்கப்பாடிக்காரர் யாரும் நாவலேந்தலில் வந்து டவுன் பஸ் ஏறக் கூடாது என்று நாவலேந்தல் சொன்னது. மீறி அங்கே போனவரை இங்கே சேர்ப்பதில்லை, இங்கே வந்தவரை அங்கே சேர்ப்பதில்லை என்று இரண்டு ஊரும் கட்டுப்பாடு போட்டன. சண்டையில் ஒத்துப்போகாதவர்கள் கட்டுப்பாட்டில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

தாலுகா ஆபீசில் மூன்று முறை அமைதிக் குழுக் கூட்டம் போட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர். இரு தரப்பையும் சமமாக உட்கார வைத்து, சமமாகக் கடிந்து, சமமாக டீயும் போண்டாவும் கொடுத்தார். இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, போண்டாவைத் தின்றுவிட்டு, வெவ்வேறு வண்டியில் ஊர் திரும்பின. முள் அப்படியே கிடந்தது. அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு இதுபோல இன்னும் நாற்பது ஊர்.

"நீதான் ஆப்பிரிக்காவுலயே அமைதி பண்ணிட்டு வந்தவளாச்சே, இதப் பண்ண மாட்டியா?" என்று டீக்கடையில் யாரோ கிண்டலாகக் கேட்டார்கள். செல்விக்கு அது சுருக்கென்று தைத்தது. குழந்தைக்குப் பத்தாம் நாள் ஆனபோது, காலையில் நீலத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, ஆயுதம் எதுவும் இல்லை, பேசத்தான் வருகிறேன் என்று தூரத்திலிருந்தே காட்ட வேண்டும். அதற்கு உலகம் பூராவும் ஒரே அடையாளம்தான். ஒரு மூங்கில் குச்சியில் வெள்ளைத் துணியைக் கட்டி, கரைமேல் ஏறி, முள்வேலிக்கு முன்னால் நின்று நிதானமாக ஆட்டினாள்.

உலகம் பூராவும் அதற்கு அர்த்தம் சமாதானம். அந்த ஏரிக்கரையில் அதற்கு அர்த்தம் வேறு. முதலில் நாவலேந்தல் பக்கம் நாலைந்து பேர் கூடையோடு ஓடி வந்து, சேற்றில் இறங்கி, மீனைத் தேடினார்கள். புங்கப்பாடிப் பக்கம் பொன்னுரங்கம் மீசை துடிக்க வந்து நின்றார்.

"இன்னா செல்வி, துண்டக் காட்டிக் கேலி பண்றீங்களா? ஒரு தரம் ஏமாந்தது போதாதா?"

"மாமா, இது துண்டு இல்லைங்க, சமாதானக் கொடிங்க."

"அப்ப அவங்க எதுக்குக் கூடயோட எறங்கிக்கினு இருக்காங்க?"

செல்வி திரும்பிப் பார்த்தாள். கூடையோடு இறங்கியவர்களில் ஒருவன் அவளைப் பார்த்து, "யக்கா, இன்னும் ரெண்டு தரம் வீசு" என்று கத்தினான். அன்று மாலைக்குள் முள்வேலி ஒரு ஆள் உயரத்துக்கு ஏறியது. இரண்டு ஊரும் அவளைத் திட்டின. ஒரு வகையில் அது சண்டைக்குப் பிறகு இரண்டு ஊரும் சேர்ந்து செய்த முதல் காரியம்.

அன்று அவள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தொப்பியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெட்கமாக இருந்தது. லைபீரியாவைப் பற்றி ஊரில் அவள் சொல்லாத ஒரே கதை அப்போது ஞாபகம் வந்தது. சொல்லாததற்குக் காரணம், அந்தக் கதையில் அவளுக்குப் பெரிய வேடம் இல்லை.

தலைநகர் மன்ரோவியாவில் அவள் காவலுக்கு நின்ற வாசலுக்கு எதிரே மார்த்தா என்றொருத்தி மிளகாய் விற்றாள். இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ், அதனால் நன்றாகப் பேச முடிந்தது. ஒரு நாள் செல்வி கொஞ்சம் பெருமையோடு, "நாங்கள் வந்துதானே உங்கள் சண்டை நின்றது" என்று கேட்டுவிட்டாள். மார்த்தா மிளகாயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நீங்கள் வந்ததே சண்டை நின்ற பிறகுதான் அம்மா என்றாள். முதலில் வந்தது பக்கத்து நாட்டுக்காரர்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. அவர்கள்தான் சண்டைக்காரர்களைக் கானாவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஏன் என்றால், எங்கள் ஜனம் தப்பி ஓடிப் போய் அவர்கள் வாசலில் கூடாரம் போட்டு அவர்கள் சோற்றைத் தின்றது. அவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

"அவ்வளவு நல்லவங்களா?" என்று செல்வி கேட்டாள்.

அப்படி ஒன்றும் இல்லை என்றாள் மார்த்தா. சண்டையை ஊதிவிட்டவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் உங்களைப் போல ஒரு வருடம் ஆனதும் விமானம் ஏற முடியாது. பக்கத்திலேயே கிடந்தாக வேண்டியவர்கள்.

செல்வி தொப்பியைப் பெட்டியில் வைத்து மூடினாள். தாலுகா ஆபீசும் விமானம் ஏறுகிற கூட்டம்தான், தானும் தொப்பி போட்டுக்கொண்டு அதையேதான் செய்தோம் என்று புரிந்தது. பக்கத்தில் கிடந்தாக வேண்டியவர்கள் யார் என்று யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கல்வராயன் மலையில் பெய்கிற மழை, அடிவாரத்து ஊத்தோடையில் ஒரு வாய்க்காலாகச் சேர்ந்து, எட்டு ஊர் ஏரிகளை வரிசையாக நிரப்பிக்கொண்டு போகும். அந்த எட்டு ஊருக்கும் ஒரு சங்கம் உண்டு. எட்டூர் வரத்து வாய்க்கால் சங்கம். வருடத்துக்கு ஒரு முறை, ஆடி பிறப்பதற்குள், எட்டு ஊரும் ஆள் அனுப்பித் தூர் வாரும். மற்ற நாட்களில் அந்தச் சங்கம் ஒரு துருப்பிடித்த போர்டு. வரிசையில் நாவலேந்தலும் புங்கப்பாடியும் நட்ட நடுவில் இருந்தன. சங்கத் தலைவி ஊத்தோடை குஞ்சம்மாள். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போடுகிறவள், யாரிடமும் நைச்சியமாகப் பேசத் தெரியாதவள்.

மறுநாள் செல்வி ஸ்கூட்டியில் ஊத்தோடைக்குப் போனாள். குஞ்சம்மாள் கொல்லையில் கிழங்குக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் வாத்து மேய்க்கிற மாயவன் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அவர் வாய்க்காலின் கடைசி ஊர்க்காரர். ஆனால் வாத்துகளோடு எட்டு ஊரிலும் இருப்பார். செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னால் லைபீரியா வராமல் இருக்குமா.

"லைபீரியாவா? அது எந்தத் தாலுகா?" என்றாள் குஞ்சம்மாள்.

"அது தனி நாடுங்க."

"இருக்கட்டும். உங்க ரெண்டு ஊரும் மூஞ்சி குடுத்துப் பேசலன்னா எனக்கு இன்னா போச்சு? பேசாதீங்க. ஆனா நடுவுல உங்க வாய்க்காலத் தூர் வாரலன்னா மலைத் தண்ணி இங்கியே தேங்கி நிக்கும். என் கெழங்கு அழுவிப் பூடும். கீழ இருக்கற ஊருங்களுக்குச் சொட்டுத் தண்ணி போவாது. ஆடிக்கு எத்தினி நாளு இருக்குது, சொல்லு."

"அதாங்க நீங்க சமாதானம் பண்ணி வைக்கணும்."

"நான் இன்னா சாமியாரா?"

"சாமியாரு வாணாங்க. கெழங்கு அழுவிப் பூடும்னு பயப்படறவங்கதான் வேணும்."

குஞ்சம்மாள் களைக்கொத்தியை நிறுத்தினாள். அப்போதுதான் மாயவன் கூழ்ச் சொம்பை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் அந்த ஏரியாண்டதாங்க வாத்த வுட்டுக்கினு இருந்தேன். செல்லமுத்து துண்டு வீசலைங்க. நாவ மரத்துக்கு அடியில நின்னாரு. மேலேர்ந்து செவப்பெறும்பு கூட்டோட வுழுந்துச்சு. துண்டால அடிச்சிக்கினு குதிச்சாரு. அதப் பாத்துட்டு ஜனம் எறங்கிடுச்சு."

செல்வி அவர் பக்கம் திரும்பினாள். "இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாருங்க கேட்டாங்க? தாலுகா ஆபீஸ்ல ரெண்டு ஊர்க்காரங்களத்தான கூப்டாங்க. என்னியா கூப்டாங்க?" மாயவன் குரலைத் தாழ்த்தினார். "இன்னொன்னும் இருக்குதுங்க. அந்த நேரத்துல பொன்னுரங்கமும் அவரு எடத்துல இல்ல. என்னாண்ட நின்னு முட்டைக்கு வெல பேசிக்கினு இருந்தாரு. அர மணி நேரம். கடைசில ஒரு முட்டையும் வாங்கல. அவரு கரையில நின்னிருந்தா, 'இன்னும் நேரம் ஆவல'ன்னு கையக் காட்டி நிறுத்தி இருக்கலாம்."

அப்படியானால் செல்லமுத்து துண்டு வீசவே இல்லை, பொன்னுரங்கம் துண்டோடு நிற்கவே இல்லை. இருவரும் அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு ஊரை மோதவிட்டிருக்கிறார்கள். செல்விக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. குஞ்சம்மாளுக்கு இரண்டும் வரவில்லை. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எட்டூர் கூட்டம் என்று மட்டும் சொன்னாள். "நீயும் வா. பின்னால உக்காரு. லைபீரியான்னு ஒரு வார்த்தை வரக் கூடாது."

அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஊத்தோடை சமுதாயக்கூடத்தில் எட்டு ஊரும் கூடின. வரமாட்டோம் என்று இரண்டு ஊரும் முதலில் முறுக்கிப் பார்த்தன. உங்கள் கரும்பு லாரி ஆலைக்குப் போகிற வழி எங்கள் ஊர்களுக்குள்தான் என்று மற்ற ஆறு ஊரும் சொல்லியனுப்பிய பிறகு, இரண்டு ஊரும் ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டன.

குஞ்சம்மாள் எடுத்த எடுப்பில், "இந்த ஆறு ஊருல, இந்த ரெண்டு ஊருக்கும் ஒட்டும் ஒறவும் இல்லாதவங்க யாருன்னா இருந்தா கையத் தூக்குங்க" என்றாள். ஒரு கையும் எழும்பவில்லை. ஒருத்தர் மகளை நாவலேந்தலில் கொடுத்திருந்தார், இன்னொருத்தர் புங்கப்பாடியில் பெண் எடுத்திருந்தார், மூன்றாமவர் இரண்டும் செய்திருந்தார். "நல்லதாப் போச்சு. யாரு எந்தப் பக்கம் சாய்வீங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனி ஒளிச்சி வைக்க ஒன்னும் இல்ல. பேசலாம்" என்றாள்.

பின்வரிசையில் செல்வி உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டாள். குழந்தைக்கு இன்று இருபத்து மூன்றாம் நாள்.

செல்லமுத்து எழுந்து, நான் முறைப்படிதான் துண்டு வீசினேன் என்று ஒப்பித்தார். தாலுகா ஆபீசில் மூன்று முறை சொன்னதால் சரளமாக வந்தது. குஞ்சம்மாள் மாயவனைப் பார்த்து, "நீ பாத்தியே, எப்படி வீசினாரு? செஞ்சு காட்டு" என்றாள்.

மாயவன் எழுந்தார். துண்டை உதறினார். முதலில் கழுத்தில் ஒன்று போட்டார். அப்புறம் அக்குளில். அப்புறம் ஒற்றைக்காலில் நின்று முதுகில். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமுதாயக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, துண்டைத் தலைக்குமேல் சுழற்றியபடி "அய்யோ அய்யோ" என்று குதித்தார். முதலில் சிரித்தது ஒரு புங்கப்பாடிக்காரர்தான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவரைப் பார்த்து நாவலேந்தல் சிரித்தது. எட்டு ஊரும் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது.

செல்லமுத்துவின் முகம் சிவந்துபோனது. "எறும்புதாங்க" என்றார் கடைசியில். "ஊர்ப் பேரு கெட்டுப்பூடும்னு சொல்லல. எங்கெங்க கடிச்சுதுன்னு சபையில சொல்ல முடியாது."

பொன்னுரங்கம் மட்டும் சிரிக்கவில்லை. "எறும்பு கடிச்சுது, சரி. பதில் துண்டு வராம எறங்கினாங்களே, அவங்களையும் எறும்பா கடிச்சுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாவலேந்தல்காரர்கள் தலையைக் குனிந்தார்கள்.

நின்றுகொண்டே இருந்த மாயவன், சபையைச் சிரிக்க வைத்த உற்சாகத்தில், "அதுக்கும் பதிலு இருக்குதுங்க. அந்த நேரத்துல நம்ம பொன்னுரங்கம் அண்ணன்..." என்று ஆரம்பித்தார்.

"மாயவா, உன் வாத்து என் கொல்லையில எறங்கிடுச்சு பாரு" என்றாள் குஞ்சம்மாள்.

மாயவன் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடினார். வெளியே ஒரு வாத்தும் இல்லை. பொன்னுரங்கம் சன்னல் வழியாக அவர் ஓடுவதைப் பார்த்தார், பிறகு குஞ்சம்மாளைப் பார்த்தார். அவள் கிழங்கு விலையைப் பற்றிப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொம்பை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"பழசக் கெளறிக்கினு இருந்தா இன்னா ஆவப் போவுது?" என்றார். "எங்க ஜனத்துக்கு மீனு போச்சு. அதுக்கு ஒரு வழி சொன்னா நான் ஊர்க்காரங்கள்ட்ட பேசறேன்."

லைபீரியாவில் பெரிய பெரிய ஆட்கள் செய்ததை ஒரு கிழங்குக்காரி வாத்தை வைத்துச் செய்துவிட்டாள் என்று செல்வி நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லத் துடித்தது. சொல்லவில்லை. அவள் வாழ்க்கையிலேயே அது பெரிய கட்டுப்பாடு.

மீதி எல்லாம் மதியச் சோற்றுக்குள் முடிந்தது. பதிலுக்குக் காத்திராமல் இறங்கியது தங்கள் தப்பு என்று நாவலேந்தல் ஒத்துக்கொண்டது. ஊத்தோடை ஏரியில் இன்னும் மீன் பிடிக்கவில்லை. அதில் புங்கப்பாடி முதலில் இறங்கும், நாவலேந்தல் ஒரு மணி நேரம் கரையில் நின்று பார்க்கும். "நம்ம மீன நாம ஏன் குடுக்கணும்?" என்று ஊத்தோடைக்காரர்களே முணுமுணுத்தார்கள். "கெழங்க விட மீனு ஜாஸ்தியா?" என்று குஞ்சம்மாள் அவர்களை உட்கார வைத்தாள். பத்து நாளில் எட்டு ஊரும் தூர் வாரும். இனிமேல் ஏரியில் துண்டு வீசுகிற வேலையே கிடையாது. மூன்றாவது ஊர்க்காரர் ஒருத்தர் கரை நடுவில் நின்று அடையாளம் காட்டுவார். யார் தோளிலும் இல்லாத ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும்.

"எட்டு ஊருல யாருகிட்டயும் இல்லாத பொருளு எதுனா இருக்குதா?" என்று குஞ்சம்மாள் கேட்டாள். பின்வரிசையைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

செல்விக்குப் பெட்டியில் இருந்த தொப்பி ஞாபகம் வந்தது. அந்தத் தொப்பியை அவள் யாரையும் தொடவிட்டதில்லை. ஜெயசுதா ஒரு முறை தலையில் போட்டுப் பார்த்ததற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். எழுந்து நின்று, "என்னாண்ட ஒரு நீலத் தொப்பி இருக்குதுங்க" என்றாள். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, நூறு தரம் கேட்டிருந்தார்கள். அவளை யாரும் கிண்டல் செய்யவில்லை.

முப்பதாம் நாள் காலை செல்வி ஆயம்மாளின் பச்சைப் புடவையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கரைமேல் ஏறினாள். பெட்டியில் இப்போது தொப்பி, புடவை இரண்டும் இல்லை. முள்வேலி இருந்த இடத்தில் பொன்னுரங்கம் அரிவாளோடு கடைசிக் கொப்புகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்து நட செல்வி, முள்ளு கெடக்குது" என்றார். அவள் தாண்டிப் போன பிறகு பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார். "அந்த வாத்துக்காரன் உன்கிட்ட எதுனா சொன்னானா?"

"எதப் பத்திங்க மாமா?"

"ஒன்னும் இல்ல. சும்மாதான் கேட்டேன்."

ஜெயசுதா வாசலுக்கே வந்துவிட்டாள். அக்காவைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஏரோப்ளேன் ஏறி ஊரு ஒலகமெல்லாம் போய்ட்டு வந்தவ, இந்தக் கரையத் தாண்டி வர ஒரு மாசமா?" செல்வி தங்கையைக் கட்டிக்கொண்டு, அவள் தோளிலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் இரண்டு ஊர் ஜனமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. செல்லமுத்துகூட ஒரு மூலையில் இருந்தார். உள்ளே வருவதற்கு முன் வாசல் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வந்தாராம்.

செல்வி தன் கையாலேயே உத்தரத்தில் புடவையைக் கட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். குழந்தையை வாங்கி அதில் கிடத்தினாள். மூன்று நிமிடம் மட்டும் பார்த்திருந்த முகத்தை இப்போது யாரும் தடுக்காமல் பார்த்தாள். அம்மாவின் மூக்கு. நூல் நூலாகத் தேய்ந்த பச்சைக்குள் அது நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டது. ஜெயசுதா குழந்தையின் காதில் மூன்று முறை பேர் சொன்னாள்: அருள்மொழி, அருள்மொழி, அருள்மொழி.

அப்போது ஒரு ஈ தூளியைச் சுற்றி வந்தது. குழந்தையின் அப்பா தமிழழகன் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து அதை விரட்ட ஒரு வீசு வீசினான். பேச்சு சட்டென்று நின்றது. இரண்டு ஊர் ஜனமும் ஒருவரை ஒருவர் பார்த்தது. வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த நாவலேந்தல்காரர் ஒருவர் பாதி எழுந்தேவிட்டார்.

"உக்காருங்க" என்றாள் செல்வி. "இன்னும் பதில் துண்டு வரல."

வீடு முழுக்கச் சிரித்த சிரிப்பில் அருள்மொழி விழித்துக்கொண்டு வீரிட்டு அழுதாள். செல்வி பச்சைப் புடவையைப் பிடித்து ஆட்டத் தொடங்கினாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தத் தூளியை அவள் வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.